அறியாதவர் கையில் கேமரா: கூட்டு ஒளிப்படத் திட்டம் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முன்பின் அறியாத ஒருவரிடம் கேமராவைக் கொடுத்து ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்பதும், அப்படிச் சேரும் படங்களைத் திரட்டி அவற்றை எடுத்தவர்களின் ஊரிலேயே காட்சிக்கு வைப்பதும் பல நாடுகளில் நடந்துவரும் ஒரு கலைமுறை. இதைத் தொடங்கப் பெரும் பணமோ, கவின்கலைக் கல்லூரிப் பட்டமோ தேவையில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே உறுதியாக ஏற்றுக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியவரே அந்தப் படத்தின் கலைஞர். திட்டத்தைத் தொடங்கியவர் அவருக்குக் கருவியையும் வாய்ப்பையும் ஏற்படுத்திக் கொடுத்தவர் மட்டுமே. கேமராவைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து கண்காட்சியில் பெயர் எழுதுவது வரை ஒவ்வொரு முடிவையும் இதைக்கொண்டே எடுக்கலாம். இதை ஏற்க மனமில்லாதவர் தாமே படம் எடுப்பது நல்லது.

என்ன கேட்கப்போகிறீர்கள்?

கேமரா வாங்குவதற்கு முன் கேள்வியை முடிவுசெய்யுங்கள். "எதையாவது எடுங்கள்" என்றால் பெரும்பாலானோர் திகைத்து நிற்பார்கள், அல்லது எதிரே நிற்கும் உங்களையே எடுப்பார்கள். "நம் ஊரின் குடிநீர்ப் பிரச்சினையைப் படமெடுங்கள்" என்றாலோ, உங்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் படத்தை அவர்கள் கையால் எடுக்கவைக்கிறீர்கள் என்றே பொருள். விடை என்னவாக இருக்கும் என்று உங்களால் ஊகிக்க முடியாத, ஆனால் கேட்டவுடன் எவருக்கும் புரிகிற கேள்வியே நல்ல கேள்வி. "உங்கள் வேலையில் உங்கள் கை அதிகம் படும் பொருள் எது?", "இந்தத் தெருவில் நீங்கள் தினமும் கடந்துபோகிற, வேறு யாரும் நின்று பார்க்காத ஒன்று எது?" என்பவை போன்ற கேள்விகளுக்குக் கீரை விற்பவரும் பதில் சொல்வார், வங்கி ஊழியரும் பதில் சொல்வார். ஒரு திட்டத்துக்கு ஒரே கேள்வி போதும். படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது அவற்றை இணைத்து நிறுத்துவது அதுதான்.

அடுத்தது, ஒருவருக்கு ஒரு படமா, ஒரு கேமராவா என்பது. ஒரே கேமராவை ஒருவர் மாற்றி ஒருவரிடம் கொடுத்து, ஆளுக்கு ஒரு படம் எடுக்கச் சொல்வது ஒரு முறை. இதில் ஒரு ரோல் முடிவதற்குள் இருபத்தைந்து பேருக்கு மேல் பங்கேற்றிருப்பார்கள். நீங்கள் அருகிலேயே இருப்பதால் கேமரா தொலையாது. ஒருவரிடமே ஒரு கேமராவைச் சில நாள் விட்டுவைப்பது இன்னொரு முறை. முதல் முறையில் ஓர் இடத்தின் முகம் தெரியும். இரண்டாவதில் ஒரு மனிதரின் நாள் தெரியும். புதிதாகத் தொடங்குவோர் முதல் முறையில், ஓர் இடத்தில், ஒரே கேமராவோடு தொடங்குவதே சரி. அந்த ஒரு ரோல் உங்களுக்குக் கற்றுத்தருவதை எந்தக் கட்டுரையாலும் கற்றுத்தர முடியாது.

கேமரா

புஜிபிலிம் நிறுவனம் 1986-இல் ஜப்பானில் அறிமுகப்படுத்திய, பிலிம் உள்ளேயே பொருத்தப்பட்ட, ஒருமுறை மட்டும் பயன்படும் கேமராவும், அதைத் தொடர்ந்து கோடாக் முதலிய நிறுவனங்கள் கொண்டுவந்தவையும் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை. பெரும்பாலானவற்றில் 27 படங்கள் எடுக்கலாம். பிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 400 அல்லது 800. குவியம் மாறாதது, ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ள அனைத்தும் ஓரளவு தெளிவாக விழும். சக்கரத்தைச் சுழற்றிப் பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும் என்பதால், கேமராவையே தொட்டிராத ஒருவரும் தேர்ந்த ஒருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் நின்று படம் எடுக்கிறார்கள். எடுத்த படத்தை உடனே பார்க்க முடியாது என்பதும் இங்கே பெரிய நன்மைதான். செல்பேசியில் எடுத்தால் படத்தைப் பார்த்து, முகம் சுளித்து, அழித்து, மறுபடி எடுப்பார்கள். முதலில் கண் எங்கே போனது என்பது அதற்குள் மறைந்துவிடும்.

பிலிமுக்குச் செலவு உண்டு. அது முடியாதவர் செல்பேசியைப் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் சொந்தச் செல்பேசியைக் கொடுக்காதீர்கள். நடுவில் அழைப்பு வரும், தகவல்கள் திரையில் தெரியும், வாங்குபவருக்கும் அதைக் கையில் வைத்திருக்கக் கூச்சமாக இருக்கும். சிம் இல்லாத பழைய செல்பேசி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். "எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று கேட்பது எளிதாகத் தோன்றினாலும், அப்போது அவர் தம் எண்ணை உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. பல பெண்கள் அந்த இடத்திலேயே விலகிவிடுவார்கள், அவர்கள் விலகுவது நியாயமும்கூட.

ஒருமுறை மட்டும் பயன்படும் கேமராவைக் கொடுக்குமுன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கண் வைத்துப் பார்க்கும் துளையும் லென்ஸும் வேறுவேறு இடத்தில் இருப்பதால், மிக அருகில் உள்ள பொருளை எடுத்தால் அது ஓரத்தில் வெட்டுப்படும். ஒரு கை நீளத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பிளாஷ் மூன்று மீட்டர் வரைதான் எட்டும்; கடைக்குள், மரநிழலில், மாலைக்குப் பின் அதைப் போட்டே ஆக வேண்டும். அதன் சிறு விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லுங்கள், ஏனெனில் இருண்டு வீணாகும் படங்களில் பெரும்பாலானவை இந்த அவசரத்தால் வருபவை. விரல் லென்ஸை மறைப்பது இன்னொரு வழக்கமான காரணம். கேமராவை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. பிளாஷுக்கான மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் வரை மின்னழுத்தம் தேங்கியிருக்கும், தொட்டால் பலமாக அதிர்ச்சி தரும்.

பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வகைக் கேமராக்களில் பிலிம் முழுவதும் அதன் ஒளி புகாத உறையிலிருந்து முதலிலேயே வெளியே இழுக்கப்பட்டு, படம் எடுக்க எடுக்க உறைக்குள் திரும்பச் செல்கிறது. ஆகவே எடுத்தவரை உள்ள படங்கள் உறைக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் பிலிம் கழுவும் லேபிலிருந்து வரும் ஸ்கேன்களில் வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். முதலில் எடுத்தவரின் படம் கடைசியில் வந்து நிற்கும். இதை அறியாமல் பெயர்களை ஒட்டினால் ஒருவரின் படம் இன்னொருவர் பெயரில் போய்விடும். இத்தகைய திட்டத்தில் அதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. எனவே முதல் படமாகக் கேமராவின் எண்ணும் தேதியும் பெரிதாக எழுதிய ஓர் அட்டையை நீங்களே எடுத்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறையும் கேமராவின் எண்காட்டியில் தெரியும் எண், எடுத்தவர் பெயர், அவர் எதை எடுத்தார் என்பதற்கு இரண்டு மூன்று சொற்கள் என ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பெயரைக் கேட்கும்போது "எந்தப் பெயரைப் போடட்டும்?" என்று கேளுங்கள். சிலர் முழுப்பெயர் சொல்வார்கள், சிலர் "செல்வி அக்கான்னு போடுங்க" என்பார்கள், சிலர் பெயரே வேண்டாம் என்பார்கள். அவர்கள் சொன்னது சொன்னபடியே எழுதப்பட வேண்டும்.

எங்கே, எப்போது, எப்படிக் கேட்பது

மக்கள் கடந்துபோகும் இடத்தைவிடக் காத்திருக்கும் இடமே நல்லது. தேநீர்க் கடை, முடிதிருத்தும் நிலையம், பூங்கா, நூலக வாசல், உழவர் சந்தையில் கூட்டம் குறைந்த நேரம் ஆகியவை பொருத்தமானவை. தனியார் இடமென்றால் கடைக்காரரிடம் முதல் நாளே சென்று அனுமதி கேளுங்கள். அட்டைக்கு அடுத்த படத்தை அவரே எடுக்கும்படி சொல்லுங்கள். அவர் எடுத்துவிட்டால், "அட, நீயும் ஒண்ணு எடுப்பா" என்று அவரே அடுத்தவரை அழைப்பார். ரயில் நிலையம், விமான நிலையம், துறைமுகம், பாதுகாப்புத் துறை வளாகம், கோயில் கருவறைப் பகுதி, மருத்துவமனை வார்டு ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் திட்டத்தால் இன்னொருவர் காவலருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

கேட்கும் முறையில்தான் பாதி வேலை இருக்கிறது. "ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்று தொடங்கினால், நம்மூரில் எவரும் உங்களை எடுக்கச் சொல்கிறீர்கள் என்றே எண்ணிக்கொண்டு உங்களை வெளிச்சத்தில் நிறுத்தி வைப்பார். ஆகவே அதை முதலிலேயே விலக்கிவிடுங்கள். "அண்ணே, என்னை இல்லைங்க. நீங்க தினமும் பார்க்கிற ஒண்ணை நீங்களே எடுக்கணும். ஒரே ஒரு படம்தான். அது உங்க பேர்லயே இருக்கும், பிரிண்ட் உங்களுக்கு வந்துடும்." இதைச் சொல்லிவிட்டுக் கேமராவை நீட்டாமல் சற்றுப் பொறுங்கள். அவர் கை நீட்டி வாங்கட்டும். "எந்த டிவி?", "எதுக்கு இதெல்லாம்?", "எவ்வளவு கட்டணும்?" என்ற மூன்று கேள்விகளும் கட்டாயம் வரும். கடன் அட்டை விற்பவரும் கணக்கெடுப்பவரும் தெருவில் மறித்து நிறுத்துகிற காலத்தில் இந்தச் சந்தேகம் அறிவுடைமை. பொறுமையாக, ஒரே வகையில், உண்மையைச் சொல்லுங்கள். "எனக்கெல்லாம் எடுக்கத் தெரியாதும்மா" என்று சொல்பவரிடம் கூடுதல் நேரம் செலவிடுங்கள். எடுக்கத் தெரியாது என்பவர்கள்தான் எதை எடுப்பது என்று அதிக நேரம் யோசித்து, சுற்றும் முற்றும் பார்த்து, பின் எவரும் எதிர்பாராத ஒன்றின் முன் போய் நிற்பார்கள் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவரை இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

அவர் கண்ணைத் துளையில் வைத்தபின் நீங்கள் பேசக் கூடாது. "கொஞ்சம் இடப்பக்கம்", "வெயிலுக்கு முதுகு காட்டி நில்லுங்க" என்று சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். வெயிலுக்கு எதிராக எடுத்த படம் வெளுத்துப்போனால் அது அவருடைய படம். உங்கள் சொல்லால் திருத்தப்பட்ட படம் உங்களுடையது. படத்தில் இன்னொருவர் முகம் தெளிவாக விழுவதாக இருந்தால், அவரிடம் சம்மதம் கேட்கச் சொல்வது மட்டும் விதிவிலக்கு. குழந்தைகள் கேமராவைக் கண்டதும் ஓடிவருவார்கள். பெற்றோர் உடன் இருந்து ஒப்புக்கொண்டாலன்றி அவர்களை எடுக்கவும் விடாதீர்கள், எடுக்கப்படவும் விடாதீர்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேமராவைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் 2008-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், குறிப்பு எழுதிய, ஒருமுறை மட்டும் பயன்படும் கேமராக்களைப் பொது இடங்களில் வைத்துவிட்டு, எடுப்பவர் ஒரு படம் எடுத்துப் பிறரிடம் கைமாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். உலகின் பல நாடுகளுக்குச் சென்ற அக்கேமராக்களில் சிறு பகுதியே திரும்பின. இதற்கு மாறாக, கஃபே ஆர்ட் என்னும் லண்டன் அமைப்பு 2015-இல் வீடற்ற நிலையை அனுபவித்த 100 பேருக்குப் புனித பால் பேராலயத்தில் வைத்துக் கேமராக்களை வழங்கியபோது 80 கேமராக்கள் திரும்பி வந்தன. ஏறத்தாழ 2,500 படங்கள் சேர்ந்தன. வாங்கியவர்களுக்கு முன்கூட்டியே சிறு பயிற்சி தரப்பட்டது. திருப்பித் தருவதற்கென்று நாளும் இடமும் சொல்லப்பட்டிருந்தன. வேறுபாடு அதில்தான் இருக்கிறது. நம் ஊர்களிலோ, கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் ஓயாமல் அறிவிக்கிறார்கள். பெஞ்சில் கேமராவை விட்டுச் செல்வது வீண் பதற்றத்தை உண்டாக்கும். கொடுத்து வைப்பதானால் தெரிந்த கடைக்காரரிடம் கொடுங்கள். கேமராவின் மேல் ஒரு தாளைச் சுற்றி, அதில் இப்படி எழுதலாம்:

"இந்தக் கேமராவில் நீங்கள் ஒரு படம் எடுக்கலாம். இந்தத் தெருவில் நீங்கள் தினமும் பார்க்கும் ஒன்றை எடுங்கள். சக்கரத்தை நிற்கும்வரை சுழற்றுங்கள். உள்ளே என்றால் பிளாஷைப் போட்டு விளக்கு எரிந்தபின் அழுத்துங்கள். பிறர் முகத்தை எடுப்பதானால் அவரிடம் கேளுங்கள். அருகிலுள்ள நோட்டில் எண்ணையும் பெயரையும் எழுதுங்கள். படம் உங்களுடையது. வரும் ஞாயிறன்று வந்து கேமராவை எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிந்தைய மூன்றாம் ஞாயிறன்று உங்கள் பிரிண்ட் இதே கடையில் இருக்கும்."

கீழே உங்கள் பெயரும் தொடர்பு எண்ணும் இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். படிக்க இயலாதவருக்குக் கடைக்காரர் சொல்லித்தர வேண்டுமாதலால் அவரிடம் ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிடுங்கள்.

படம் யாருடையது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒளிப்படத்தின் ஆசிரியர் என்று படத்தை எடுத்தவரையே குறிப்பிடுகிறது. பிலிம் வாங்கியவரோ கேமராவின் சொந்தக்காரரோ அல்லர். பதிப்புரிமையும் பொதுவாக அவருக்கே உரியது. பணமோ வேறு தக்க கைம்மாறோ பெற்றுக்கொண்டு இன்னொருவர் கேட்டபடி எடுத்துக் கொடுத்தால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கேட்டவர் உரிமையாளராகிவிடுவார். எனவே படத்துக்கென்று காசு கொடுக்காதீர்கள். ஒருவர் உங்களுக்காக அரை நாள் வேலையை விட்டு வருகிறார் என்றால் அந்தக் கூலியைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பதிப்புரிமை அவரிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது உரிமை மாற்றம் அன்று, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. அது எழுத்தில் இருக்க வேண்டும். எந்தக் கண்காட்சிக்கு, இணையத்தில் போடலாமா கூடாதா, அச்சிட்டு விற்கலாமா கூடாதா, எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டில் என்பதைத் தனித்தனி வரிகளாக, விரும்பியதற்கு மட்டும் குறியிடும்படி ஒரே பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். "எல்லா உரிமைகளையும் நிரந்தரமாகத் தருகிறேன்" என்ற வாசகத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள். உரிமையைக் கைமாற்றிய பின்னும் தம் பெயரைக் கோரும் உரிமையும், தம் நற்பெயருக்குக் கேடு வரும்படி படத்தைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி ஆசிரியருக்கு உண்டு. ஓரங்களை வெட்டுவது, கறுப்பு வெள்ளையாக்குவது போன்றவற்றைக்கூட அவரைக் கேட்காமல் செய்யாதிருப்பது நல்லது. பிற நாடுகளில் வாழும் வாசகர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அனுமதியை இருமுறை கேளுங்கள். எடுக்கும்போது அவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றுக்கு ஒருவர் கொடுக்கும் சம்மதம் அரைச் சம்மதம்தான். பிரிண்டைக் கையில் கொடுத்தபின் அந்தப் படிவத்தை நீட்டுங்கள். அப்போது மறுத்தால் படத்தைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். அது எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் சரி.

கழுவுவதும் திருப்பிக் கொடுப்பதும்

எடுத்து முடித்த பிலிம் வெப்பத்தைத் தாங்காது. சித்திரை வெயிலில் பூட்டிய காரிலோ ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலோ கேமராவை வைக்காதீர்கள். கூடிய விரைவில் லேபுக்கு அனுப்பிவிடுங்கள். வெளியூருக்கு விமானத்தில் கொண்டுபோவதானால் கையோடு வைத்துக்கொண்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் கதிர்கள் பிலிமை மங்கச் செய்யும். வண்ண பிலிம் வழக்கமான சி-41 முறையில் கழுவப்படும். கறுப்பு வெள்ளைக் கேமராவென்றால் எந்த முறை என்று அட்டையில் பார்த்து லேபிடம் சொல்லுங்கள், ஏனெனில் சில சி-41 முறையிலும் சில தனி முறையிலும் கழுவப்படுபவை. நெகட்டிவைக் கட்டாயம் திருப்பித் தரும்படியும், ஸ்கேன் செய்யும்போது நிறத்தையும் ஓரங்களையும் திருத்த வேண்டாம் என்றும், ஒன்றும் விழாத படங்களையும் சேர்த்தே தரும்படியும் எழுதிக் கொடுங்கள். அந்தக் கறுப்புப் படங்களும் குறிப்பேட்டில் ஒருவர் பெயரோடு இருக்கின்றன. அவரிடம் சொல்லி இன்னொரு முறை எடுக்கக் கேட்க வேண்டும்.

பிரிண்டைச் சொன்ன நாளில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் இத்திட்டத்தின் மிக முக்கியமான நாள். பலர் வரமாட்டார்கள், வந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். 1990களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் ஆகிய ஆய்வாளர்கள் கிராமப் பெண்கள் 62 பேரிடம் கேமரா கொடுத்துத் தொடங்கிய பணியிலிருந்து போட்டோவாய்ஸ் என்னும் முறை வளர்ந்தது. தங்கள் படங்களில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பதும், அதன் கதையைச் சொல்வதும், பல கதைகளுக்குப் பொதுவானது எது என்று கண்டறிவதும் படம் எடுத்தவர்களின் வேலையாகவே அம்முறையில் வைக்கப்பட்டது. தெருவில் ஒரு படம் மட்டும் எடுத்தவரிடம் இவ்வளவையும் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் "இதை ஏன் எடுத்தீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம். படத்தின் கீழே வைக்க அதைவிடச் சிறந்த குறிப்பு உங்களால் எழுத முடியாது. பூட்டிய கடைக் கதவு ஒன்றை எடுத்தவர், அது தம் தந்தை நடத்திய கடை என்பார். அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் கதவு.

காட்சிக்கு வைத்தல்

தேர்வில் உங்கள் ரசனையை ஒதுக்கி வைப்பது கடினம். கோணம் நன்றாக அமைந்த படங்களை மட்டும் பொறுக்கினால், கேமரா பழக்கம் உள்ளவர்களின் படங்களே சுவரில் மிஞ்சும். ஒருவருக்கு ஒரு படம் என்ற முறையில் எனக்குச் சரியென்று படுவது, அனுமதி தந்த அனைவரின் படங்களையும் ஒரே அளவில், எடுத்த வரிசையிலேயே வைப்பதுதான். கலங்கிய படமும் விரல் விழுந்த படமும் இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் எடுத்தவர் பெயர் தலைப்பில் இருக்கும் உங்கள் பெயரின் அளவுக்கே பெரிதாக வர வேண்டும். உங்களை "ஒருங்கிணைப்பு" என்று குறித்துக்கொண்டால் போதும்.

இடம், படம் எடுக்கப்பட்ட தெருவாகவே இருக்கட்டும். அந்தத் தேநீர்க் கடைச் சுவர், நூலகத்தின் படிப்பறை, பள்ளி வராந்தா ஆகியவை நகரத்துக் கலைக்கூடத்தைவிட நல்லவை, ஏனெனில் எடுத்தவர்கள் தயங்காமல் உள்ளே வருவார்கள். சாதாரண நான்குக்கு ஆறு அங்குல பிரிண்டுகளைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாலும் போதும். மழைச்சாரலும் நேர்வெயிலும் படாத இடமாகப் பாருங்கள். திறப்பு விழாவுக்குப் பிரமுகரைத் தேடாதீர்கள். கடைக்காரர் வேலை தொடங்கும் நேரத்தில் மாட்டிவிட்டு, படம் எடுத்த ஒவ்வொருவருக்கும் ஆள்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். தன் படத்தை எடுத்துவிடச் சொல்ல விரும்புகிறவரும் அதில் எழுதலாம் என்று மேலே குறிப்பிடுங்கள். யாராவது எழுதினால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

கண்காட்சி முடிந்ததும் நெகட்டிவ்களை அமிலமற்ற தாள் உறையிலிட்டு, கேமரா எண்ணையும் குறிப்பேட்டின் நகலையும் உடன் வைத்து, ஈரமில்லாத அலமாரியில் பாதுகாக்கவும். பிரிண்டை வாங்க வராதவர்களுடையதைக் கடைக்காரரிடம் பெயர் எழுதிய உறைகளில் விட்டுச் செல்லுங்கள். சில மாதம் கழித்தும் வந்து கேட்பவர்கள் உண்டு.